காசில்லாத கொட்டகை

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். மாட்டின் விஷயத்தில் அது நல்ல மரியாதைதான். ஆனால் ஊராரை அழைத்து உட்கார வைத்து, விளக்கை அணைத்து, இரண்டு மணி நேரம் ஒன்றைக் காட்டுகிறவர்களுடைய தானத்தைப் பற்றிச் சில கேள்விகள் கேட்பதில் குற்றமில்லை என்பது நமது அபிப்பிராயம். கொடுப்பவர் யார், கொடுக்கப்படுவது என்ன, பெறுகிறவனுக்கு அதனால் விளைவது என்ன என்ற மூன்றையும் கேட்டே தீர வேண்டும்.

நாம் குறிப்பிடும் தானம் அமெரிக்காவில் நடப்பது. அங்கே சமுதாயக் கலாசாலைகள் என்று ஒரு வகைக் கல்லூரிகள் உண்டு. 1901-ஆம் வருஷம் இல்லினாய் ராஜ்யத்தைச் சேர்ந்த ஜோலியட் என்ற ஊரில் இவ்வகையின் முதல் பொதுக் கல்லூரி தோன்றியது. 1947-இல் ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த கல்விக் கமிஷன் இத்தகைய கல்லூரிகள் நாடெங்கும் வேண்டும் என்று வற்புறுத்தியது. இன்று அவை ஆயிரத்தைத் தாண்டி நிற்கின்றன. அங்கே படிப்பு இரண்டு வருஷம், சம்பளம் குறைவு. பகலில் கடையில் நின்று மாலையில் வகுப்புக்கு வருகிறவர்கள், தாதித் தொழில் பயில்கிறவர்கள், மோட்டார் ரிப்பேர் கற்கிறவர்கள், வேறு தேசத்திலிருந்து குடியேறி இங்கிலீஷ் எழுத்துக் கூட்டுகிறவர்கள் முதலியோர் அங்கே மாணவர்கள். பிரபுக்களின் பிள்ளைகளுக்கென்று ஏற்பட்ட இடம் அல்ல அது.

இப்படிப்பட்ட கலாசாலைகள் பலவற்றில் அயல்நாட்டுத் திரைப்படங்களை வரிசையாகக் காட்டும் வழக்கம் இருக்கிறது. ஒரு மாலை ஜப்பானியப் படம், அடுத்த முறை ஸெனகல் நாட்டுப் படம், அதற்கடுத்து ஈரான் என்று போகும். டிக்கட் கிடையாது. மாணவர்கள் மட்டுமன்றி ஊரில் உள்ள எவரும் வந்து அமரலாம். முதலில் ஓர் ஆசிரியர் எழுந்து ஐந்து நிமிஷம் முன்னுரை சொல்வார். படம் முடிந்ததும், இருக்க விரும்புகிறவர்கள் இருந்து அதைப் பற்றிப் பேசுவார்கள். விஷயம் அவ்வளவுதான்.

முதற் கேள்விக்கு வருவோம். பார்க்கிறவனுக்குத்தான் இது இலவசம்; வேறொருவர் பணம் கொடுத்தே இருக்கிறார். அமெரிக்காவின் 1976-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியரும் மாணவரும் நேருக்கு நேர் இருந்து பாடம் நடத்தும் வகுப்பறையில், பாடத்தின் அங்கமாக ஒரு படத்தைக் காட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டியதில்லை. கதவைத் திறந்து ஊராரையும் உள்ளே விட்டால் அந்தச் சலுகை போய்விடும். கட்டணம் வசூலிக்காவிட்டாலும் பொதுக் காட்சி பொதுக் காட்சியே. உரிமையாளருக்குத் தொகை செலுத்தி அனுமதி பெற வேண்டும். ஆகவே அண்டை வீட்டுக் கிழவருக்காக நாற்காலி ஒன்றைப் போடும் கல்லூரி, உண்மையில் அவருக்காகப் பணமும் கட்டுகிறது. இதைத் தருமம் என்று சொல்வதில் தடையில்லை.

இந்தத் தருமத்துக்குப் பூர்வ சரித்திரம் உண்டு. ஆதியில் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் பண்டமாக இருந்தது. அதை ஓட்டுவதற்குத் தீக்காப்பு உள்ள தனி அறை வேண்டியிருந்தது. 1923-இல் வெளிவந்த 16 மில்லிமீட்டர் சுருள் அவ்வாறு எரியாத வகை. தகரப் பெட்டியில் வைத்துத் தபாலில் அனுப்பலாம். பள்ளிக்கூட மேஜை மேல் வைத்து ஓட்டலாம். நியூயார்க் நகரத்து நவீனக் கலைக் காட்சிசாலை 1935-இல் ஒரு திரைப்பட நூலகத்தை ஏற்படுத்தி, கல்லூரிகளுக்குப் படங்களை இரவல் அனுப்பத் தொடங்கியது. ஹிட்லருக்குத் தப்பி வியன்னாவிலிருந்து வந்த ஏமஸ் வோகெல் என்பவர், தம் மனைவியுடன் 1947-இல் அதே நகரத்தில் ‘சினிமா 16’ என்ற படச் சங்கத்தை ஆரம்பித்து 1963 வரை நடத்தினார். அதே 1947-இல், நம் நாட்டில் சத்தியஜித் ராயும் நண்பர்களும் கல்கத்தாத் திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பின்னர் 1955-ஆம் வருஷம் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ கல்கத்தாவில் திரையிடப்படுவதற்கு முன்பே காட்டப்பட்ட இடம் எது தெரியுமா? கல்லூரிகளுக்குப் படம் இரவல் கொடுத்த அந்த நியூயார்க் காட்சிசாலையேதான்!

இரண்டாவது கேள்வி, கொடுக்கப்படுவது என்ன என்பது. இதற்கு ஓர் உதாரணம் சொல்லுவோம். அப்பாஸ் கியாரோஸ்தமி என்ற ஈரானிய டைரக்டர் 1987-இல் ‘நண்பனின் வீடு எங்கே?’ என்ற பொருள்படும் பெயருடன் ஒரு படம் எடுத்தார். அதில் வரும் உபாத்தியாயர் நமது தொழிலைச் சேர்ந்தவராகையால் நமக்கு அவரிடம் தனி அக்கறை. வீட்டுப் பாடத்தை நோட்டில் எழுதாமல் துண்டுக் காகிதத்தில் எழுதி வந்த ஒரு சிறுவனை அவர் கடிந்து கொள்கிறார்; இன்னொரு முறை இப்படிச் செய்தால் பள்ளிக்கூடத்தை விட்டே அனுப்பிவிடுவதாகச் சொல்கிறார். பையன் அழுகிறான். பக்கத்தில் இருந்த அகமது என்ற பையன் வீட்டுக்குப் போய்ப் பையைத் திறந்தால், நண்பனுடைய நோட்டும் தன்னிடமே தவறி வந்திருக்கிறது! அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நண்பன் இருப்பது அடுத்த ஊர்; வீடு தெரியாது. தாயார் காதில் போட்டுக் கொள்ளவில்லை. பெரியவர்கள் ஒருவரும் அவன் சொல்வதை முழுதாகக் கேட்பதில்லை. குன்றின் மேல் வளைந்து வளைந்து ஏறும் ஒற்றையடிப் பாதையில் அவன் ஓடுகிறான். கதை இவ்வளவே. அதில் துப்பாக்கி இல்லை, நடனம் இல்லை. ஆயினும் ‘நோட்டுப் போய்ச் சேருமா?’ என்று நாம் நாற்காலி விளிம்புக்கு வந்து விடுகிறோம். முடிவைச் சொல்லிக் கெடுக்க மாட்டோம்.

இனி மூன்றாவது கேள்வி. 1979-இல் டெஹரானில் அமெரிக்கத் தூதராலயம் பிடிபட்டு, 52 பேர் 444 நாள் சிறை வைக்கப்பட்டது முதல், சாதாரண அமெரிக்கர் ஒருவருக்கு ஈரான் என்பது பெரும்பாலும் பத்திரிகைத் தலைப்பாகவே இருந்து வந்திருக்கிறது. ஈரானியருக்கும் அமெரிக்கா அப்படியே. கடைச் சிப்பந்தி ஒருவர் வேலை முடிந்து களைப்புடன் வந்து இந்தப் படத்தைப் பார்க்கிறார் என்று வைத்துக் கொள்வோம். அவருக்கு ஈரானின் ராஜீயம் ஒன்றும் விளங்கிவிடப் போவதில்லை. அங்கேயும் தாய்மார்கள் துணி தோய்த்துக் கொண்டே பிள்ளைகளைக் கடைக்கு விரட்டுகிறார்கள் என்பதும், அங்கேயும் ஒரு பையன் நண்பனுக்காகப் பயந்து ஓடுகிறான் என்பதும் விளங்கும். மறுநாள் பத்திரிகையில் அத்தேசத்தின் பெயரைப் பார்க்கும்போது அந்தக் குன்றும் அந்தப் பையனும் நினைவுக்கு வருவார்கள். யுத்தம் என்று வந்தால் குண்டு விழுவது அப்படிப்பட்ட குன்றுகளின் மேலும்தான் அல்லவா?

“தொழில் கற்க வந்தவனுக்குப் பாரஸீகப் படம் எதற்கு? அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு யந்திரம் வாங்கலாமே!” என்பவர்கள் உண்டு. கையில் தொழில் இருப்பவனுக்கு உலகத்தைப் பற்றிய அறிவு தேவையில்லை என்ற எண்ணம் இதில் ஒளிந்திருக்கிறது. பெரிய சர்வகலாசாலையில் படிக்கும் சீமான் பிள்ளைக்கு இதே செலவு செய்தால் அதைப் பண்பாடு என்பார்கள். மோட்டார் ரிப்பேர் செய்கிறவனும் ஓட்டுப் போடுகிற பிரஜைதான். எந்த நாட்டோடு சண்டை, எந்த நாட்டோடு சமாதானம் என்று தீர்மானிப்பதில் அவனுக்கும் பங்கு உண்டு. அவனுக்கு இந்த நாற்காலியை மறுப்பது நியாயமாகாது.

“எல்லாப் படமும் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றனவே, கல்லூரிக்கு ஏன் போக வேண்டும்?” என்று இன்னொரு சாரார் கேட்கலாம். கிடைப்பது வாஸ்தவம். ஆனால் அடியில் எழுத்து ஓடும் அயல்மொழிப் படத்தை வீட்டில் தனியே வைத்தால், பத்தாவது நிமிஷத்தில் விரல் வேறொன்றைத் தேடிப் போய்விடுகிறது. தென்கொரிய டைரக்டர் போங் ஜூன்-ஹோ 2020-இல் ஒரு பரிசைப் பெற்றுக் கொண்டபோது, ஓர் அங்குல உயரமுள்ள அந்த எழுத்து வரியைத் தாண்டி வந்தால் அற்புதமான படங்கள் பல காத்திருக்கின்றன என்று அமெரிக்கர்களுக்குச் சொன்னார். அடுத்த மாதமே அவருடைய ‘பாரஸைட்’, இங்கிலீஷ் அல்லாத மொழிப் படங்களில் முதன்முதலாக ஆஸ்காரின் தலைமைப் பரிசைப் பெற்றது. அந்த ஓர் அங்குலத்தைத் தனியே தாண்டுவதைவிட, இருபது பேருடன் சேர்ந்து தாண்டுவது சுலபம். பக்கத்தில் இருப்பவர் சிரிக்கும்போது நாமும் திரையைக் கவனிக்கிறோம். அவர் கண்ணைத் துடைத்துக் கொண்டால் நாமும் கைப்பேசியை மறந்துவிடுகிறோம்.

ஒரு விண்ணப்பம் மட்டும் உண்டு. படங்களைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர்கள் ஏழை நாடுகளின் துயரத்தையே வாரந்தோறும் காட்டி ஜனங்களை இரக்கப்பட வைத்தால் போதாது. இரக்கம் நல்ல குணந்தான். ஆனால் இரங்குகிறவன் மேலே இருந்து பார்க்கிறான். ஷாக் தாத்தி 1953-இல் எடுத்த ‘ஹூலோவின் விடுமுறை’ போன்ற ஹாஸ்யப் படங்களும் நடுவே வரவேண்டும். அயலானுடன் சேர்ந்து அழுவதைக் காட்டிலும் சேர்ந்து சிரிப்பதில் சமத்துவம் அதிகம்.

நம் வாசகர்களில் பலருடைய மக்களும் மருமக்களும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் பகலெல்லாம் ஜன்னல் வழியே வெறுந்தெருவைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்படுகிறோம். பக்கத்தில் சமுதாயக் கலாசாலை இருக்கிறதா, அங்கே இப்படிப் படம் காட்டுகிறார்களா என்று பிள்ளைகளை விசாரிக்கச் சொல்லுங்கள். இருந்தால் போய் உட்காருங்கள். படம் முடிந்தவுடன் எழுந்து வந்துவிடாமல், பிறகு நடக்கும் பேச்சுக்கும் இருந்து, உங்கள் மனத்தில் பட்டதை நாலு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் இங்கிலீஷ் எப்படியிருந்தாலும் பாதகமில்லை. அங்கே வருகிறவர்களில் பலர் அந்தப் பாஷையை இப்போதுதான் கற்றுக் கொண்டிருக்கிறார்கள்.