வண்ணம் தீட்டாத முதற் பாவை

பிளாஸ்டிக் துண்டுகளைப் பொருத்திப் பொறிப்பாவை செய்வதைச் சிறுபிள்ளை விளையாட்டென்று தள்ளுவாரும் உளர். அதனையே அருங்கலையென்று போற்றி, வண்ணம் தீட்டாது செய்ததைச் செய்ததாகவே கொள்ளாதாரும் உளர். முன்னவர் இத்தொழிலுக்குப் புறத்தே நிற்பவர். பின்னவர் அதனுள் ஊறித் திளைத்தவர். எதிரெதிராய் நிற்கும் இவ்விரு திறத்தாரும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றனர். புதிதாகக் கைவைத்த ஒருவன், பெட்டியில் உள்ளவற்றை உள்ளவாறே பொருத்தி எடுத்துவந்து காட்டும் முதற் பாவையை இருவருமே மதிப்பதில்லை. அம்முதற் பாவையின் பக்கம் நின்று சில வார்த்தை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கணம் கற்பிக்கும் பண்டிதனுக்கு இதில் என்ன வேலை என்று நேயர்கள் வினவலாம். வெளிநாட்டில் வாழும் என் மருமகன் சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது கொணர்ந்த பெட்டியொன்றின் வாயிலாக, ஐம்பது வயதைக் கடந்தபின் இத்தொழிலிற் புகுந்தவன் யான். இதுகாறும் மூன்று பாவைகளே செய்துள்ளேன். ஆதலின் ஆசிரியனாக அன்று, மாணாக்கன் நிலையில் நின்றே பேசுகின்றேன்.

பொறிப்பாவை என யான் கூறுவது றோபோ எனப்படுவதையே. இவ்வகைப் பாவைகளுட் புகழ் மிக்கது யப்பான் நாட்டுக் 'கண்டாம்' ஆகும். யொசியுக்கி தொமினோ என்பாரின் இயக்கத்தில், அப்பெயருடைய சித்திரத் தொடரொன்று 1979 ஏப்பிரலில் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் தொடங்கியது. 52 பகுதிகளாகத் திட்டமிடப்பட்ட அத்தொடர், பார்ப்போர் தொகை போதாமையால் 43 பகுதிகளோடு 1980 சனவரியில் முடிக்கப்பட்டது. அதன்பின் ஆறு மாதம் கழித்து, அவ்வாண்டு யூலையில், பண்டாய் நிறுவனம் அக்கதையின் தலைமைப் பாவையை 300 யென் விலையில் வெளியிட்டது. மறு ஒளிபரப்புகளும், 1981இலும் 1982இலும் வந்த திரைப்படங்களும் துணைநிற்க, முடிந்துபோன கதையின் பாவைகள் நாடெங்கும் பரவின. கண்டாம், பிளாஸ்டிக் என்னும் இரு பெயர்களையும் குறுக்கி இணைத்துக் 'கண்பிளா' என்னும் புதுச்சொல்லையும் யப்பானியர் ஆக்கிக்கொண்டனர்.

கதையில் 18 மீற்றர் உயரமுடைய அப்பாவை, 144இல் ஒரு பங்காகச் சுருங்கி, ஏறத்தாழ 12.5 சென்ரிமீற்றர் உயரத்தில் கையடக்கமாயிற்று. அன்றைய பெட்டியை வாங்கியவன் துண்டுகளைப் பசையிட்டு ஒட்டவும், வண்ணம் தீட்டவும் வேண்டியிருந்தது. 1990இல் வந்த புதிய வரிசையிலோ, துண்டுகள் பல வண்ணங்களில் வார்க்கப்பட்டன. பசையின்றி ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளவும் செய்தன. பண்டாய் நிறுவனம் 2006இல் தன் ஆலையைத் திறந்த சிசுவோக்கா நகரம் மரவேலைக்குப் பெயர்பெற்ற ஊர். அவ்வூரைச் சேர்ந்த தமியா நிறுவனமும் மர வணிகத்தில் தொடங்கி, மரத்தால் மாதிரிகள் செய்து, 1960இற் பிளாஸ்டிக்குக்கு வந்ததே. ஆதலின் இது வேரில்லாத விளையாட்டன்று. தச்சரின் உளியோடு உறவுடையது.

பெட்டியைத் திறந்தால் அங்கே பாவை இராது. தட்டையான சில சட்டங்களே இருக்கும். பாவையின் உறுப்புகள், கொடியிற் காய்கள் போல, அச்சட்டங்களிற் சிறு காம்புகளால் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஓர் எழுத்தும் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எண்ணும் உண்டு. உடன்வரும் கைந்நூல் பெரும்பாலும் படங்களால் ஆயது. யப்பானிய மொழியில் ஓரெழுத்தும் அறியாத யான் அந்நூலை வைத்துக்கொண்டே முதற் பாவையைச் செய்து முடித்தேன். சுருங்கச் சொல்லுதலே நூற்பாவுக்கு அழகென்று பல்லாண்டாக வகுப்பறையிற் கூறிவருகின்றேன். சொல்லே இன்றிப் பொருளை விளங்கவைக்கும் நூலை இங்கேதான் கண்டேன்.

காம்பை வெட்டுவதே இத்தொழிலின் அரிச்சுவடி. உறுப்பை ஒட்டி ஒரே வெட்டாக வெட்டினால், அழுத்தந் தாங்காது பிளாஸ்டிக் அவ்விடத்தில் வெளிறிவிடும். ஆதலின் வெட்டுக் குறட்டால் முதலிற் சற்று விலகி வெட்டுதல் வேண்டும். எஞ்சிய காம்பை இரண்டாவதாகக் குறைத்தல் வேண்டும். அதன்பின் கூரிய கத்தியாற் சீவி, நுண்ணிய அரத்தாளால் தேய்த்தல் வேண்டும். பாவையொன்றில் இவ்வாறு வெட்டவேண்டிய காம்புகள் மிகப் பல. வலக்கைக்கு உரியது இடக்கைக்குச் செல்லாது. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரண்டு துண்டுகளில் ஒன்றின் முளை மட்டும் சற்றே நீண்டிருக்கும். கவனம் சிதறியவனுக்குப் பாவை இசையாது.

இலக்கண ஆசிரியனாதலின் எனக்கு இங்குப் புணரியல் நினைவுக்கு வருகின்றது. பசையின்றி, மாற்றமின்றித் துண்டுகள் சேர்வது இயல்பு புணர்ச்சி. கைதேர்ந்தோர் செய்வது விகாரப் புணர்ச்சி. இல்லாத பசையையும் வண்ணத்தையும் சேர்த்தல் தோன்றல். மிகையை அராவி நீக்கல் கெடுதல். ஓருறுப்பை வேறுருவாக மாற்றல் திரிதல். இயல்பு புணர்ச்சியை அறியாத மாணாக்கனுக்கு விகாரப் புணர்ச்சியைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரையும் யான் கண்டதில்லை. வண்ணமின்றிக் கைந்நூலின்படியே பொருத்துவதை யப்பானியர் 'சுகுமி' என்பர். வெறுமையான இணைப்பு என்பது அதன் பொருள். வெறுமை என்பது குறையன்று; அது தொடக்கம்.

இதனை வற்புறுத்திக் கூறுதற்குக் காரணம் உண்டு. என்னிடம் பயின்ற மாணாக்கன் ஒருவன், பாடம் ஒப்பிப்பதிற் பின்தங்கியவன், சேர்த்துவைத்த காசிற் சிறியதொரு பெட்டி வாங்கி, இரண்டு கிழமை இரவுகளிற் பாவையொன்றைச் செய்து முடித்தான். வீட்டில், 'சோதனை வருகிற நேரத்தில் குழந்தைப் பொம்மையா?' என்றனர். இதிற் பல்லாண்டு பழகிய ஒருவரிடம் கொண்டுசென்று காட்டினான். அவர் அதனைக் கையிலும் வாங்காது, 'வண்ணம் பூசிய பின் கொண்டு வா' என்றாராம். அவன் அதனைக் கழற்றிப் பெட்டியிலே போட்டு மூடிவிட்டான். பின்னொருநாள் என் வேண்டுகோளுக்கு இணங்கிக் கொண்டுவந்து பூட்டிக் காட்டினான். ஒரு காம்பின் வடுவும் வெளிறியிருக்கவில்லை. நாற்பது நிமிடம் ஓரிடத்தில் இருந்து பாடம் கேளாத பிள்ளை, பல மணி நேரம் இருந்து அவ்வேலையைச் செய்திருக்கின்றான். அப்பொறுமையை வீட்டாரும் கண்டிலர், கலைஞரும் கண்டிலர்.

பிறர் வகுத்ததைப் பொருத்துவதில் ஆக்கம் எங்கே என்பது வீட்டார் பக்கத்து வாதம். அச்சை வடித்தவரே பாவையைப் படைத்தவர் என்பதை யான் மறுக்கவில்லை. ஆயினும் ஏடு தொடக்கும் நாளில் நம்மவர் செய்வதென்ன? குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் அகரத்தை எழுதுவிக்கின்றோம். அவ்வெழுத்தைக் குழந்தையா படைத்தது என்று எவரும் கேட்பதில்லை. அதனை விழாவாகவே கொண்டாடுகின்றோம். வகுத்த வழியிற் பிழையின்றி நடக்கக் கற்றவனே பின்னர் தன் வழியை வகுப்பான். அன்றியும், கையாற் செய்வதைக் கல்வியெனக் கொள்ளாத வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கண்ணும் விரலும் கருத்தும் ஒருங்கு இயங்கும் இரண்டு மணி நேரத்தை வீண்பொழுது என்பார், அதே இரண்டு மணி நேரம் பிள்ளை கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டிருப்பதைப் பொறுத்துக்கொள்கின்றனர்.

இனிக் கைதேர்ந்தோர்க்கும் ஒன்று கூறவேண்டும். அவர்தம் வண்ண வேலைப்பாட்டையும், தகட்டின் இடுக்குகளில் மையூட்டும் நுண்மையையும், போர்க்களத்திற் பழுதுற்றதுபோல் அழுக்கேற்றும் திறத்தையும் கண்டு வியப்பவன் யான். முதற்படியிலேயே என்றும் நின்றுவிடுக என்று எவர்க்கும் கூறேன். ஆனால் செம்மையாக வெட்டாத காம்பின் வடுவை வண்ணம் மறைப்பதில்லை. பல வேளைகளில் எடுத்துக் காட்டிவிடும். ஆகவே வண்ணத்துக்கும் அடிப்படை இந்த வெறும் இணைப்பே. கடைக்கால் இட்டவனை, 'உன் வீட்டுக்குக் கூரை எங்கே?' என்று எள்ளுதல் அறிவுடைமை ஆகாது.

புதிதாகப் புகுவோர்க்கு யான் அறிந்த அளவில் ஒன்றிரண்டு கூறுவேன். 1995இல் தொடங்கிய, 100இல் ஒரு பங்கு அளவுடைய பெரிய பாவை வரிசை கண்ணைக் கவரும். அதன் நூற்றுக்கணக்கான துண்டுகளோ தொடக்கக்காரனைக் களைப்பிக்கும். 144இல் ஒரு பங்குடைய சிறியதையே முதலில் எடுக்க. வெட்டுக் குறடின்றிக் கையாலேயே உறுப்புகளைப் பிரித்தெடுக்கக்கூடிய கண்டாம் பெட்டியும் 2020இல் வெளிவந்துள்ளது. இறக்குமதிப் பொருளாதலின் நம் நாட்டில் இவை மலிவல்ல. நல்ல குறடொன்று, கத்தியொன்று, அரத்தாள் சில, இவற்றுக்குமேல் முதலில் எதுவும் வேண்டா. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்றை முடிக்குமுன் மற்றொன்றை வாங்கற்க. செய்யாது அடுக்கிவைத்த பெட்டிகளை யப்பானியர் 'சுமிப்புரா' என்பர். அடுக்குதல் என்பது அதன் முதற்சொல்லின் பொருள். நம் 'சுமை'யோடு அதற்குள்ள ஒலியொற்றுமை தற்செயலே எனினும், பொருள் பொருந்தாமற் போகவில்லை. வாசியாத நூல்களை அலுமாரியில் அடுக்குவோனுக்கும் அவற்றை அடுக்குவோனுக்கும் வேறுபாடு காணேன்.

பெற்றோரையும் கலையிற் பழகியோரையும் யான் வேண்டுவது மிகச் சிறியது. பிள்ளையொன்று தான் செய்த முதற் பாவையை நீட்டும்போது அதனைக் கையில் வாங்குக. தோளை உயர்த்தி, முழங்காலை மடக்கி, நிற்கின்றதா என்று பார்க்க. 'எந்த இடம் கடினமாயிருந்தது?' என்று ஒரு கேள்வி கேட்க. அப்பிள்ளை சொல்லத் தொடங்கும் விடையைக் கேட்டபின், அது விளையாட்டோ கல்வியோ என்பதைத் தாமே தீர்மானித்துக்கொள்ளலாம்.