பெற்றோர் என்று ஒரு ஜாதி இல்லை

கல்வி பற்றிப் பேச வரும்போது நம் எழுத்தாள நண்பர்களிடம் ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது. 'படிக்காத ஜனங்களுக்குத் தங்கள் குழந்தைகளின் படிப்பில் சிரத்தை கிடையாது.' சமீபத்தில் ஒரு கூட்டத்தில் நாவலாசிரியர் ஒருவர் இதைச் சொன்னார். நிறையத் தலைகள் ஆடின. கல்வி அதிகாரிகளும் 'விழிப்புணர்வு இல்லை' என்று இதையேதான் சொல்கிறார்கள். இலக்கியவாதியும் அதிகாரியும் ஒரே வாக்கியத்தில் சந்தித்துக்கொள்ளும்போது சந்தேகப்பட வேண்டியது விமர்சகன் வேலை.

நான் இருப்பது சேரப்பணஞ்சேரியில். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் வருகிற ஊர். விடியுமுன்பே கம்பெனி பஸ்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கிவிடும். கார், லாரி, டயர், மோட்டார் சைக்கிள் எல்லாம் சுற்றுவட்டாரத்தில் தயாராகின்றன. தயாரிப்பவர்களின் குழந்தைகள் இங்கேயுள்ள அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். இப்போது பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்தவர்களின் குழந்தைகளும் படிக்கிறார்கள்.

2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்றை உண்டாக்கியது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்கள் விகிதப்படி இடம் தர வேண்டும். பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிக்கிற பொறுப்பும் இந்தக் குழுவுக்குத்தான். வாசிக்க நன்றாகவே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022-ல் இந்தக் குழுக்கள் 20 பேர் கொண்டதாகப் புதிதாக அமைக்கப்பட்டன, அதில் 15 பேர் பெற்றோர். மாதக் கூட்டத்துக்கு வைத்த நேரம் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணியிலிருந்து நாலரை வரை.

மூன்று மணிக்கு எந்தப் பெற்றோர் வர முடியும்? ஒப்பந்தத் தொழிலாளியான ஒரு தாய் லைனை விட்டு அரை நாள் வெளியே வந்தால் ஒரு நாள் சம்பளம் போகும். மாதாமாதம் கேட்டால் வேலையே போய்விடும். வர முடிகிறவர் கடை வைத்திருப்பவர், வாடகை வீடுகள் வைத்திருப்பவர், நிலத்தை விற்றுவிட்டு வட்டியில் காலம் தள்ளுகிறவர். இவர்கள் யார், ஊரில் எந்தத் தெருக்காரர்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கூட்டம் முடிந்ததும் 'காலனி ஆட்கள் வருவதே இல்லை சார்' என்கிறார்கள். நாவலாசிரியரின் வாக்கியம் இப்படித்தான் உற்பத்தியாகிறது.

நான் வங்கியில் குமாஸ்தா. இலக்கியத்தைவிட பாஸ்புத்தகத்தில் உண்மை அதிகம் தெரியும் என்பது என் பல வருஷ அபிப்பிராயம். குழுவின் கணக்கில் தலைவியும் தலைமையாசிரியரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஒருமுறை தலைமையாசிரியர் ஒருவர் பாஸ்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கவுண்டர் முன் நின்றார். இரண்டடி பின்னால் தலைவி. காசோலையில் தொகை எழுதவில்லை, அவர் கையெழுத்து மட்டும் இருந்தது. 'எவ்வளவும்மா எடுக்கிறீங்க?' என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தார். 'சாருக்குத் தெரியும்.' பள்ளி எது என்பது முக்கியமில்லை. இந்த மூன்று பேரும் எந்தக் கிளையிலும் நிற்பார்கள்.

அந்த அம்மாவிடம் இல்லாதது சிரத்தை என்று யார் சொல்வது? கணக்குக் கேட்கிற பழக்கம் அவருக்குத் தரப்படவே இல்லை. இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் இந்த ஜில்லாவின் பறையர்களின் நிலைமையை அரசுக்கு எழுதியதையொட்டித்தான் 1892-ல் பஞ்சமி நில உத்தரவு வந்தது. அடுத்த வருஷமே பஞ்சமர் கல்விக்கும் ஓர் உத்தரவு வந்தது. 1894-ல் ஆல்காட் அடையாற்றில் இலவசப் பள்ளி திறந்தார். எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் எதிலும் சேரிக்காரன் பெற்றுக்கொள்கிறவன்தான். 1958-லிருந்து காமராஜர் ஆட்சியில் நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஜனங்கள் பெஞ்சு கொடுத்தார்கள், கட்டடம் கொடுத்தார்கள், நிலம் கொடுத்தார்கள். அந்த இயக்கத்தைக் கொச்சைப்படுத்துகிற அவசரம் எனக்கில்லை. என் தகப்பனார் தலைமுறை எழுத்தறிந்தது அதனால்தான். இருந்தாலும் அதில் பெற்றோர் என்பவர் கொடுக்கிறவர், நிலம் உள்ளவர். கொடுத்தவர் பெயர் சுவரில் ஏறியது. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தில் அந்த இடத்துக்குக் கம்பெனிகள் வந்தாயிற்று. தகப்பன் ஷிப்டு பார்க்கிற கம்பெனி பிள்ளைக்கு வகுப்பறை கட்டித் தருகிறது. கணக்குக் கேட்கிற பெற்றோர் என்ற மூன்றாவது உருவம் 2009 சட்டத்தின் காகிதத்தில்தான் முதன்முதலாக வருகிறது.

இனி, 'பெற்றோர் அதிகாரம்' என்று புளகாங்கிதம் அடைகிற முற்போக்கு நண்பர்களிடம் வருகிறேன். 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில் பெற்றோர் ஒன்றுபட்டார்கள். காலை உணவு சமைத்தவர் தலித் பெண் என்பதால் தங்கள் குழந்தைகள் சாப்பிடக் கூடாது என்பதற்காக. கலெக்டர் வந்து அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு, வன்கொடுமைச் சட்டத்தை நினைவூட்ட வேண்டியிருந்தது. 2018-ல் அவிநாசிப் பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையத்திலும் சமையல்காரப் பெண்ணுக்கு எதிராகத் திரண்டவர்கள் பெற்றோர்தான். நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அமைந்த சந்துரு கமிட்டி, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்களின் மணிக்கட்டில் வண்ணக் கயிறு கூடாது என்றது. அந்தக் கயிறு கட்டுகிற வீட்டிலும் இருப்பவர் பெற்றோர்தானே.

அமெரிக்காவிலும் இந்தச் சொல்லுக்கு இரண்டு முகம். 1964-ல் நியூயார்க்கில், கறுப்புக் குழந்தைகளோடு கலந்து படிக்க வைப்பதை எதிர்த்து ஆயிரக்கணக்கான வெள்ளைத் தாய்மார்கள் ஊர்வலம் போனார்கள். அவர்கள் அமைப்பின் பெயரே 'பெற்றோரும் வரிசெலுத்துவோரும்'. நான்கு வருஷம் கழித்து அதே நகரத்தின் ஓஷன் ஹில்–பிரௌன்ஸ்வில் பகுதியில் கறுப்பின, போர்ட்டோரிக்கப் பெற்றோர் தேர்ந்தெடுத்த குழு, தங்களுக்கு உடன்படாத ஆசிரியர்களை வெளியே அனுப்பியது. ஆசிரியர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. நகரத்தின் பள்ளிகள் 36 நாள் ஸ்தம்பித்தன. யார் பக்கம் நியாயம் என்று அங்கே இன்னும் சண்டை போடுகிறார்கள். சங்கவாதியான எனக்கே அது சுலபமான கேள்வி இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது, 'பெற்றோர்' என்ற பொதுச்சொல்லுக்குப் பின்னால் அவர்கள் ஒளிந்துகொள்ளவில்லை என்பது. கறுப்பர்களாக, தங்கள் தெருக்களின் பெயரால், பள்ளிக்கு வெளியே கூடிவிட்டு உள்ளே போனார்கள். சிகாகோவில் 1988-ல் வந்த சட்டம் பள்ளிக் குழுக்களில் பெற்றோருக்குப் பெரும்பான்மை தந்ததோடு, தலைமையாசிரியரைத் தேர்வு செய்யும் அதிகாரத்தையும் கொடுத்தது. நம் குழு சிபாரிசு செய்யலாம்.

இந்த வட்டாரத்துக்குக் கூடத் தெரியாது என்று சொல்ல முடியுமா? 2024 செப்டம்பர் 9-லிருந்து 37 நாள் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள். சங்கம் என்ற ஒன்றை அங்கீகரி என்பது அவர்கள் முதல் கோரிக்கை. தொழிற்சாலை வாசலில் கூட்டமாக நிற்கத் தெரிந்தவன் பள்ளி வாசலில் ஏன் தனியாக, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்? அங்கே அவன் தொழிலாளி, இங்கே காலனிக்காரன். நம் தொழிற்சங்கங்கள் ஒருநாளும் இந்த இரண்டாவது பெயரைச் சொல்லி அவனை அழைத்ததில்லை. போனஸ் பேசுகிற மேடையில் பிள்ளையின் பள்ளிக்கூடம் பிரஸ்தாபத்துக்கே வராது.

2022-ல் பெருந்துறைப் பக்கம் பாலக்கரைப் பள்ளியில் தலித் குழந்தைகளைக் கழிப்பறை கழுவ வைத்தது தெரியவந்தது, டெங்குக் காய்ச்சல் வந்த ஒரு சிறுவன் தன் தாயிடம் சொன்னதால். புகார் போலீஸ் வரை போய்த் தலைமையாசிரியை கைதானார். குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்ட அதே வருஷம். அந்தத் தாய்க்குச் சிரத்தை இல்லை என்று நாவலாசிரியர் சொல்லட்டும், பார்க்கலாம். அவருக்கு முறையிட ஓர் இடம் போலீஸ் ஸ்டேஷனுக்கு முன்னால் இல்லாமல் போனது ஏன் என்பதுதான் கேட்க வேண்டியது.

காலனிப் பெற்றோர் முதலில் காலனியிலேயே கூட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில், எந்த ஷிப்டுக்காரரும் வரக்கூடிய நேரத்தில். பக்கத்து லைன் வீட்டு ஒரியாக்காரரையும் கூப்பிட வேண்டும், பாஷை தட்டுத்தடுமாறினாலும். மானியம் எவ்வளவு வந்தது, எந்தத் தேதியில், யார் எடுத்தார்கள், கழிப்பறையை யார் கழுவுகிறார்கள்: நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒருவர் போனால் போதும். அவருக்குப் போகிற ஒரு நாள் சம்பளத்தை மற்றவர்கள் பத்து ரூபாய் போட்டு ஈடுகட்டலாம். தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று தலைவி சொல்லட்டும். அப்படி ஒரு காசோலை வந்தால் கவுண்டரில் நான் திருப்பி அனுப்பத் தயார்; விதியும் அதைத்தான் சொல்கிறது.