எளிதிற் கிட்டும் தீர்த்தம்

நாயுடுபேட்டையில் வசிப்பவர்களுக்கு ஸ்வர்ணமுகி என்றால், வருஷத்தில் பல மாதங்கள் வெறும் மணலாகக் கிடந்து, ஐப்பசி கார்த்திகையில் புயல்மழை கொட்டும்போது மட்டும் கரைபுரண்டு கடலுக்கு ஓடிவிடும் நதிதான். அந்த மணலையே பார்த்துப் பழகிய கண்கள், காளஹஸ்தி, ரேணிகுண்டா, புத்தூர் வழியாகப் பிரயாணம் செய்து, நாராயணவனத்தைத் தாண்டிக் கைலாசகோனையை அடைந்து, உயரத்திலிருந்து கோடையிலும் ஓயாமல் விழும் தாரையைக் கண்டால் ஆச்சரியப்படாமல் இருக்க முடியாது.

பெரிய நதி வற்றிக் கிடக்கையில் சிறிய தாரை வற்றாதிருப்பதன் ரகசியம் ஊற்று. மலைமேலுள்ள காடு மழையின் வேகத்தைத் தணித்து நிறுத்த, பாறையின் வெடிப்புகள் அந்நீரை உள்வாங்கிக்கொண்டு, மாதக்கணக்கில் சிறுகச் சிறுக வெளிவிடுகின்றன. ஆகவே சித்திரையில் நம் தலைமீது விழுவது, என்றோ பெய்து மலை காத்துவைத்த மழையேயாகும்.

தடா அருவியைக் காணப் பாறைகளினூடே நெடுந்தூரம் நடக்கவேண்டும். இங்கோ வண்டியை விட்டிறங்கிச் சிறிது தூரம் நடந்து படியேறினால் போதும். சிரமப்படாமல் காண்பது ஓர் அருவியா என்று இளைஞர் சிலர் ஏளனம் செய்கிறார்கள். முழங்கால் வலியால் படிக்குப் படி நின்று வந்த ஒரு பாட்டி, பேத்தியின் தோளைப் பற்றிக்கொண்டு தாரையின் ஓரத்தில் கண்மூடி நின்றதைப் பார்த்த எனக்கு, அந்த ஏளனத்தில் நியாயம் தோன்றவில்லை.

ஆனால் சுலபமாகக் கிடைப்பதை அலட்சியம் செய்வது மனித சுபாவம். அங்கே கோயில் கொண்டிருக்கும் சிவபெருமானை நினைத்துத் தீர்த்தமென்று நீரைத் தலையில் தெளித்துக்கொள்ளும் அதே கை, மறுகணம் ஷாம்பு உறையைக் கிழித்து அந்நீரிலேயே விடுகிறது. பாறை இடுக்குகளில் கரைந்த சோப்புத் துண்டுகள் ஒட்டியிருக்கின்றன.

குற்றால அருவிகளில் எண்ணெயும் சோப்பும் ஷாம்பும் உபயோகிக்கலாகாதென்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. அத்தகைய நியதி இங்கும் கண்டிப்பாக அமுலாக வேண்டும். ஊற்றுக்கு நீர் தரும் மேல்மலைக் காட்டையும் அருவியின் ஓர் அங்கமாகவே கருதிக் காக்கவேண்டும். வழியைக் கடினமாக்குவது பரிகாரமன்று. அதனால் தண்டனை பெறுவது அந்தப் பாட்டிதான்.

கைலாசகோனைக்கு அவசியம் சென்று வாருங்கள். சோப்பை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள்.