கிணற்றுக்கும் ஆயக்கட்டு வேண்டும்

ஒரு விளைவுக்கு அதனைக் கண்டறிந்தவரின் பெயரைச் சூட்டுவது அறிஞர் உலகத்து வழக்கம். 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் கல்கத்தாவில் பேராசிரியர் சி. வி. இராமன் கண்டது ‘இராமன் விளைவு’ என்று உலகெங்கும் வழங்குகிறது. பொருளாதாரத்திலும் நிர்வாக இயலிலும் இவ்வாறு பெயர் பெற்ற விளைவுகள் பல உண்டு. ஆயினும் ஒரு பேதம். ஒளி சிதறுவதற்கு நம் சம்மதத்தை எதிர்பார்ப்பதில்லை. பொருளாதார விளைவுகளோ நம்மைப் போன்றவர்கள் செய்யும் முடிவுகளால் நிகழ்பவை. அவற்றுள் ஒன்று புதுக்கோட்டை மாவட்டத்துத் தோட்டங்களில் சொட்டு நீர்க் குழாய் வழியாக நுழைந்து வருகிறது என்பது நமது அபிப்பிராயம்.

ஸ்டான்லி ஜெவன்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் 1865-ல் நிலக்கரியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இயந்திரங்கள் திருந்தத் திருந்த நிலக்கரிச் செலவு குறையும் என்று அக்காலத்தவர் நம்பியிருந்தனர். ஜெவன்ஸ் கணக்கைப் புரட்டிப் பார்த்தார். ஸ்காட்லாந்தில் ஒரு டன் இரும்புக்கு வேண்டிய நிலக்கரி முன்னிருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருந்தது. ஆனால் 1830 முதல் 1863 வரையில் அந்நாட்டில் இவ்வகையில் எரிந்த மொத்த நிலக்கரியோ பத்து மடங்காகியிருந்தது! சிக்கனத்தால் இரும்பு மலிந்தது, மலிந்ததால் வேண்டுவோர் பெருகினர், உலைகளும் பெருகின. இதனையே ‘ஜெவன்ஸ் விளைவு’ என்கின்றனர். (நிலக்கரி தீர்ந்து இங்கிலாந்து தாழும் என்று அவர் அஞ்சியது அவ்வாறே நடக்கவில்லை. பெட்ரோலியம் இவ்வளவு பெரிய மாற்றாகும் என்று அவர் எண்ணவில்லை. நிலத்தடி நீருக்கு அப்படி ஒரு மாற்று வரும் என்று எவரும் நமக்குச் சொல்லவில்லை.)

நெசவாளர் அங்கத்தினர்கள் இதைக் கேட்டு வியக்கமாட்டார்கள். 1733-ல் ஜான் கே கண்ட பறக்கும் நாடா பரவியபின், ஒரு முழம் துணிக்கு ஆகும் நேரம் குறைந்தது. தறி ஓய்ந்ததா? இல்லை. நூற்போர் நூல் கொடுத்து மாளவில்லை.

நிற்க. நம் மாவட்டத்துக்கு வருவோம். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு நமக்கில்லை. ஆகையால் முன்னோர் ஆயிரக்கணக்கான கண்மாய்களை வெட்டினர். கவிநாட்டுக் கண்மாயின் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு அவர்கள் உழைப்பின் அளவு விளங்கும். அவ்வுழைப்பைக் காட்டிலும் நாம் போற்றுவது மற்றொன்று. கண்மாய் எவ்வளவு பெரிதாயினும் அதற்கு ஆயக்கட்டு என்று ஓர் எல்லை உண்டு. இன்ன மடையில் இத்தனை நிலம் பாயும், அதற்கு மேல் பாயாது என்பது ஊரறிந்த கணக்கு. நீர் குறைந்த ஆண்டில் முறை வைத்துப் பாய்ச்சினர், சண்டையும் நடந்தது, ஆனால் எல்லையை எவரும் மறுக்கவில்லை.

ஆழ்குழாய்க் கிணற்றுக்கு ஆயக்கட்டு ஏது? 1990களின் தொடக்கத்திலிருந்து விவசாயப் பம்பு செட்டுகளுக்கு மின்சாரம் இலவசம். மேற்கே இலுப்பூர், விராலிமலைப் பக்கம் கடும்பாறை. ஊற்று வற்றினால் மோட்டார் தானே ஓய்ந்துவிடும். கிழக்கே ஆலங்குடி, கீரமங்கலம் பகுதியிலோ படிவுப் பாறையாதலின் நீர் ஆழத்தில் கிடைக்கிறது. கிடைப்பதால் குழாயும் ஆண்டுக்கு ஆண்டு ஆழமாக இறங்குகிறது. மல்லிகையும் வாழையும் பலாவும் அங்கே செழிப்பது அந்நீரால்தான்.

இந்நிலையில் சொட்டு நீர்ப் பாசனம் வந்தது. தமிழக அரசு சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் ஏனையோருக்கு 75 சதவீதமும் மானியம் தருகிறது. களை குறைகிறது, கூலி குறைகிறது, விளைச்சல் கூடுகிறது. இவை மெய். குழாயைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. மிச்சமான நீர் எங்கே போகிறது என்பதே நம் கேள்வி. ஒரு ஏக்கர் வாழைக்கு இறைத்த நீரில் சொட்டு முறையால் ஒன்றரை ஏக்கர் பாயும் என்று தெரிந்ததும், தரிசாகக் கிடந்த அரை ஏக்கரை உழாத குடியானவரை நாம் கண்டதில்லை. அவரைப் பழிக்கவும் முடியாது. அந்த அரை ஏக்கரில்தான் மகளின் படிப்பு இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் எண்ணுவதில்லை. வாய்க்காலில் பாய்ச்சியபோது ‘வீணான’ நீரில் ஒரு பகுதி மண்ணுள் இறங்கி மீண்டும் ஊற்றையே சேர்ந்தது. சொட்டு முறையில் அவ்வாறு திரும்புவது மிகக் குறைவு. ஆகவே இறைக்கும் அளவு பழையபடி இருந்தாலும், நிலப்பரப்புக் கூடினால் பூமிக்கு நிகர நஷ்டம் அதிகம். நாம் கற்பனையாகச் சொல்வதன்று. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் நீர் சேமிக்கும் தெளிப்பான்களுக்கு மானியம் கொடுத்தபின் நிலத்தடி நீர் எடுப்பது கூடியதே என்று 2014-ல் ஆய்வாளர் இருவர் எழுதினர். கிராஃப்டன் முதலானோர் 2018-ல் ‘சயன்ஸ்’ பத்திரிகையில் பல நாட்டு அனுபவங்களையும் தொகுத்து இதையே கூறினர்.

அப்படியானால் மானியத்தை நிறுத்தலாமா? கூடாது. நிறுத்தினால் சிறு விவசாயியே முதலில் அடிபடுவார். மகாராஷ்டிரத்தில் ஹிவரே பஜார் என்னும் சிற்றூர் வேறு வழி கண்டது. 1990களில் அவ்வூரார் பாசனத்துக்கு ஆழ்குழாய் இறக்குவதில்லை, கரும்பும் வாழையும் பயிரிடுவதில்லை என்று தமக்குத் தாமே விதித்துக்கொண்டனர். ஆண்டுதோறும் மழையை அளந்து, இருக்கும் நீருக்குத் தக்க பயிரைக் கிராம சபையில் முடிவு செய்கின்றனர். வாழையை விடச் சொன்னால் நம் கிழக்குப் பகுதி அங்கத்தினர்கள் நம்மை ஊருக்குள் விடமாட்டார்கள் என்பதை அறிவோம். அதை நாம் சொல்லவும் இல்லை.

நாம் கேட்பது இவ்வளவே. சொட்டு நீர்க் கருவிக்கோ பம்பு செட்டுக்கோ சங்கத்தின் கடன் கோரும் அங்கத்தினர், அந்தக் கிணற்றில் இப்போது பாயும் நிலத்தின் பரப்பை எழுதித் தரட்டும். கடன் தீரும்வரை அதற்கு மேல் கூட்டுவதில்லை என ஒப்பட்டும். அதுவே அக்கிணற்றின் ஆயக்கட்டு. முதலில் எதிர்ப்பு வரும். ஏற்கெனவே பத்து ஏக்கர் பாய்ச்சுபவருக்கு இது நன்மை, ஒரு ஏக்கர்க்காரருக்குத் தடை என்று சொல்வார்கள். அச்சொல்லில் நியாயம் உண்டு. இரண்டு ஏக்கருக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இந்நிபந்தனையைத் தளர்த்தலாம். எவ்வளவு தளர்த்துவது என்பதை மகாசபை தீர்மானிக்கட்டும்.

அதற்கு முன் ஒரு காரியம் உடனே தொடங்கலாம். ஊருக்கு மூன்று திறந்த கிணறுகளைத் தேர்ந்து, ஒவ்வொரு பௌர்ணமியன்றும் காலையில் மோட்டார் ஓடுமுன் நீர்மட்டத்தை அளந்து, சங்க அலுவலகத்தின் வாயிற் பலகையில் எழுத வேண்டும். கயிறும் கல்லும் போதும். அளப்பவருக்குத் தேநீர்ச் செலவைச் சங்கம் கொடுக்கலாம்.