ஏ.ஐ. முதலில் ஆசிரியர் மேசைக்கு வரட்டும்

திண்டுக்கல் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

வேடசந்தூர் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வகுப்பறைப் பணிக்குச் செயற்கை நுண்ணறிவை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று தமிழில், இரண்டே பக்கத்தில், தெளிவான சுற்றறிக்கை ஒன்றை நீங்கள் வெளியிட வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஏ.ஐ.யையும் ரோபோட்டிக்ஸையும் அறிமுகப்படுத்த டி.என். ஸ்பார்க் என்ற திட்டம் வந்திருக்கிறது, நல்லது. நான் பேசுவது வேறு. கணக்கும் சமூக அறிவியலும் நடத்துகிற ஆசிரியர், மறுநாள் பாடத்துக்குத் தயாராகும்போது இந்தக் கருவியை எப்படிக் கையாள்வது என்பது பற்றி. எங்களில் பலர் சொந்த செல்போனில் ஏற்கெனவே பயன்படுத்துகிறோம். வெளியே சொல்லத்தான் தயக்கம். தப்பு செய்கிறோமோ என்ற உறுத்தலோடு செய்கிற வேலையில் ஒருவருக்கொருவர் கற்றுக்கொள்ள வழியில்லை.

தொடக்க வகுப்புகளுக்காக 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கச் சொன்னது. அந்த நிலை வேறுபாடு ஏழாம் வகுப்பிலும் அப்படியேதான் இருக்கிறது. சதவீதப் பாடத்துக்கு மூன்று விதமான பயிற்சித்தாள் கையால் எழுதினால் ஒரு மாலை முழுக்கப் போய்விடும். கருவியிடம் வெறுமனே 'சதவீதக் கணக்கு கொடு' என்றால் எந்த ஊருக்கும் ஒட்டாத கணக்குகள் வரும். வகுப்பு, பிள்ளைகளின் நிலை, எண்கள் எவ்வளவு பெரிதாக இருக்கலாம், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை என்று எல்லாம் சொல்லிக் கேட்டால் சங்கதியே மாறிவிடுகிறது. முதல் தாளில் பத்துப் பெட்டித் தக்காளியில் ஒன்று அழுகல். இரண்டாவதில் 40 பெட்டியில் 6 அழுகல். மூன்றாவதில் கிலோ 20 ரூபாய் விற்ற தக்காளி 25 ஆகிறது, மறுவாரம் 25-லிருந்து 20-க்கே இறங்குகிறது. ஏறியதும் இறங்கியதும் அதே ஐந்து ரூபாய்தான், சதவீதம் மட்டும் ஏன் 25, 20 என்று மாறுகிறது? இந்தக் கேள்விக்கு வகுப்பில் நடந்த சண்டையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்பா தக்காளி போடுகிற ஒரு பையன், கணக்கில் வாயே திறக்காதவன், கரும்பலகைக்கே வந்துவிட்டான்.

ஆனால் கருவி சொல்வதை அப்படியே நம்ப முடியாது. திண்டுக்கல் மலைக்கோட்டை பற்றி ஒரு பத்தி கேட்டேன். கட்டியவர் திப்பு சுல்தான் என்று அழகான தமிழில், துளி தயக்கமில்லாமல் எழுதித் தந்தது. 1605-இல் கோட்டையைக் கட்டத் தொடங்கியவர் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர். ஹைதர் அலியும் திப்புவும் வந்தது ஒன்றரை நூற்றாண்டு கழித்து. படித்த எழுத்துக் குவியலை வைத்து அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிப்பதுதான் இந்தக் கருவியின் வேலை. தமிழில் நம் ஊர்களைப் பற்றி அது படித்தது குறைவு, அதனால் பிழை கூடுகிறது. அந்தப் பத்தியைத் திருத்தாமலே அச்செடுத்து எட்டாம் வகுப்பில் கொடுத்து, பிழையைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். நூலகப் புத்தகங்களைப் புரட்டிப் பிடித்துவிட்டார்கள். கருவியையும் கேள்வி கேட்கலாம் என்று பிள்ளைகள் கற்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

பாடத்துக்கு வெளியேயும் கருவி உதவுகிறது. நூற்பாலை வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் படிக்கிறார்கள். என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை வாரக்கணக்கில் பேசாமலே இருந்தாள். அவள் அம்மாவுக்கு ஆறு வரியில் ஒரு கடிதத்தைக் கருவியின் உதவியோடு ஒடியாவில் ஆக்கினேன். எனக்கு அந்த எழுத்து தெரியாது. மில்லில் வேலை செய்கிற ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே அனுப்பினேன். மறுநாள் அந்த அம்மா பள்ளி வாசலுக்கே வந்துவிட்டார்.

கூடாதவற்றில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். பிள்ளையின் பெயர், எமிஸ் எண், மதிப்பெண், புகைப்படம் எதையும் இந்தக் கருவிகளில் ஏற்றக் கூடாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் எல்லோரும் குழந்தைகளே. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். வகுப்பறையில் இத்தகைய கருவியைத் தனியாகப் பயன்படுத்தக் குறைந்தபட்ச வயது 13 இருக்க வேண்டும் என்று அதே ஆண்டு யுனெஸ்கோவும் பரிந்துரைத்தது. அதனால்தான் ஏ.ஐ. முதலில் ஆசிரியர் மேசைக்கு வரட்டும் என்கிறேன். பிள்ளை எழுதிய கட்டுரையைத் திருத்தும் வேலையையும் இயந்திரத்திடம் விடக் கூடாது. எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறாள் என்று ஆசிரியருக்குத் தெரிவதே அந்த நோட்டுகளைப் படிப்பதால்தான்.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காணொலி பார்த்துக் கேள்விக்கு டிக் அடிக்கிற பயிற்சி வேண்டாம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் பாடவாரியாக உட்காருவோம். அவரவர் அடுத்த வாரப் பாடத்தைக் கொண்டுவந்து பயிற்சித்தாள் தயாரிக்கட்டும், பக்கத்தில் இருப்பவர் பிழை பார்க்கட்டும். சரிபார்த்த தாள்களை ஒட்டன்சத்திரம் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் தொகுத்தால், நத்தத்தில் தயாரானது நிலக்கோட்டைக்கும் பயன்படும். காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் கணினியியலும் கல்வியியலும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன, அவர்களையும் அழையுங்கள். யார் எத்தனை முறை ஏ.ஐ. பயன்படுத்தினார் என்று கேட்கும் பதிவேடு மட்டும் தயவுசெய்து வேண்டாம். மிச்சமாகும் நேரம் பிள்ளைகளுக்குப் போக வேண்டும்.

வரும் ஜூனில் பள்ளி திறக்கும் முன் சுற்றறிக்கை வந்தால், முதல் குறுவள மையக் கூட்டத்திலேயே வேலையைத் தொடங்கிவிடலாம். என் தக்காளிக் கணக்குத் தாள்கள் தயாராக இருக்கின்றன. கேட்கிற பள்ளிக்குத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை