உதைத்தால் திருப்பி உதைக்கும் புல்லட்!

அப்பா ஓட்டிய பழைய புல்லட்டை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பயம் உண்டு. கிக்கரை மிதித்தால் அது திருப்பி உதைக்கும். கணுக்கால் பிசகி, ஒரு வாரம் நொண்டியவர்களும் இருக்கிறார்கள். ‘உனக்குக் காலில் தெம்பில்லை’ என்று கிண்டல் செய்வார்கள். தெம்பு குறைவு என்பது பாதிக் காரணம்கூட இல்லை. தீப்பொறி தப்பான நேரத்தில் விழுவதுதான் காரணம்.

புல்லட்டின் பூர்வீகம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரம். 1955-ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டு, திருவொற்றியூரில் தயாராகத் தொடங்கியது. இங்கிலாந்துக் கம்பெனி மூடிய பிறகும் நம்மூர் உற்பத்தி நிற்கவில்லை. அதனால்தான் அந்தக் காலத்து இக்னிஷன் அமைப்போடு இத்தனை வண்டிகள் இன்னும் நம் தெருக்களில் ஓடுகின்றன.

அந்த அமைப்பில் ‘பாயின்ட்’ என்ற சின்ன உலோக இணைப்பு திறக்கும் நொடியில் ப்ளக்கில் பொறி விழும். பாயின்ட் இடைவெளி சுமார் 0.35 முதல் 0.40 மி.மீ. தேயத் தேய, பொறியின் நேரமும் நகரும். பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு வெகு முன்பே பொறி விழுந்தால், வெடிப்பு பிஸ்டனைப் பின்னோக்கித் தள்ளும். அதுதான் உங்கள் காலுக்கு வரும் உதை.

மிதிக்கவும் முறை உண்டு. சாவியைப் போட்டு, கிக்கர் இறுகும் வரை மெதுவாக அழுத்துங்கள். டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்து, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மூச்சில் முழுதாக மிதியுங்கள். ஷூ கட்டாயம். முழங்காலை விறைப்பாக நீட்ட வேண்டாம்.

‘எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் தொல்லை தீரும்’ என்று மெக்கானிக் சொல்வார். உண்மைதான், பாதி. அதில் தேய்வதற்குப் பாயின்ட் இல்லை; நேரம் நிலையாக இருக்கும். ஆனால், அதற்குப் போதிய வோல்டேஜ் வேண்டும். பேட்டரி சோர்ந்திருந்தாலும் பாயின்ட் ஏதோ ஒரு பொறியைத் தரும். எலக்ட்ரானிக் பெட்டி அப்படியில்லை. பொறியே வராமல் போகலாம், சில கிட்களில் நேரம் தடுமாறிக் கால் உதைபடும். ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, ‘முன்பைவிட மோசம்’ என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியைத்தான்.

12 வோல்ட் பேட்டரி நிறைவாக இருந்தால், வண்டி நின்று ஓய்ந்த நிலையில் மீட்டர் சுமார் 12.6 காட்டும். 12-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றுங்கள். உங்கள் வண்டி 6 வோல்ட்டா என்பதையும் பாருங்கள். டிரையம்ஃப், பி.எஸ்.ஏ. போன்ற பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் எர்த். வயரை மாற்றிக் கொடுத்தால் கிட் எரிந்துபோகும்.

அடுத்து ப்ளக். அதன் வெள்ளைப் பகுதி பீங்கான்தான். விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம். செராமிக் தொழிற்பேட்டை இருக்கும் ஊர் அது. சூளையில் வெந்த பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது. ஃப்யூஸ் கட்டையில் செய்யும் அதே காவல் வேலையைத்தான் ப்ளக்கிலும் செய்கிறது. அதில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் மின்சாரம் அந்த வழியே கசிந்துவிடும், பொறி தப்பும். ப்ளக் கீழே விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. பொறி வருகிறதா என்று சோதிக்கும்போது ப்ளக்கின் உலோக உடல் எஞ்சினைத் தொட்டிருக்க வேண்டும். தொடாமல் தொங்கினால் ஷாக் அடிக்கும், எலக்ட்ரானிக் பெட்டியும் போகலாம். அருகில் பெட்ரோல் வாடை இருக்கவே கூடாது.

பேட்டரி, எர்த் வயர், ப்ளக், பாயின்ட். இந்த நான்கையும் வரிசையாகப் பார்த்த பிறகு கிட் வாங்குவதா என்று யோசியுங்கள். வாங்கினாலும், கழற்றிய பழைய பாயின்ட் செட்டைக் காயலான் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு டப்பாவில் போட்டு வண்டியிலேயே வைத்திருங்கள். நடுவழியில் பெட்டி கைவிட்டால், வீடு வந்து சேர அது உதவும்.