நூல் சேர்ப்பது பின்னல் ஆகாது

கனடாக் குளிருக்குக் கழுத்துக் கம்பளி பின்னப் புறப்படும் நம்மவர் வீடுகளில் நூற்கண்டுகள் பைபையாகச் சிக்குண்டு கிடக்கின்றன. கண்டைச் சுற்றியிருந்த தாளைத் தொலைத்துவிடுகின்றனர். சாயத்தொகுதி எண்ணும் அதனோடு போய்விடுகிறது. பிறகு அதே நிறமென்று வாங்கிய கண்டு, பாதிப் பின்னலில் வேறு நிறமாய்ப் பல்லிளிக்கிறது. உடனே இன்னும் நான்கு கண்டுகள்!

“1990–91 இடப்பெயர்வில் எல்லாவற்றையும் இழந்தோம், அதனால் சேர்க்கிறோம்” என்பர் நாரந்தனையார் சிலர். இழப்பை மதிக்கிறேன்; சாக்கை ஏற்கேன். அதே நாரந்தனையில் நம் தாய்மார் சார்வோலையை உலர்த்தி, ஒரே அகலத்தில் வார்ந்து, கட்டிவைத்த பின்னரே பெட்டி இழைக்க அமர்ந்தனர். அந்த ஒழுங்கையும் இழந்துவிட்டோமா?

ஒரு கழுத்துக் கம்பளிக்கு ஒன்றிரண்டு கண்டுகள் போதும். இருப்பதை நிறவாரியாகப் பிரியுங்கள். ஒன்றையாவது பின்னி முடியுங்கள். கடை எங்கும் ஓடிவிடாது.